ஒலி வடிக்கும் பெட்டி

கரிசல் நிலத்தில் பிறந்தவர்க்கு வடிகட்டும் தொழிலைப் பிறர் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை. கோவில்பட்டியைச் சூழ்ந்த சிற்றூர்கள் பலவும் வானம் பார்த்த பூமியில் அமைந்தவை. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் பெய்யும் மழையே ஊருணியிலும் கண்மாயிலும் தேங்கும். அந்நீரில் மண் கரைந்து கலங்கியிருக்கும். என் இளமைக் காலத்தில் எங்கள் வீட்டுப் பெண்டிர் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்த்து, அதில் அந்நீரை ஊற்றி வைப்பர். சிறிது பொழுதில் மண் அடியில் படியும். மேல்நீர் தெளிந்து நிற்கும். அதனையும் துணியிட்டு வடித்த பின்னரே பருகத் தருவர். களத்துமேட்டிலோ முறம் கொண்டு பதரைப் போக்குவர். மாவு சலிக்கும் சல்லடை வேறு. தவசம் சலிக்கும் சல்லடை வேறு. எது கீழே விழும், எது மேலே தங்கும் என்பதெல்லாம் சல்லடைக் கண்ணின் அளவைப் பொறுத்தது.

ஒலிக்கும் இத்தகைய சல்லடை உண்டு. அதனைச் செய்து காட்டியவன் என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன். பின்னாளில் மின்னணுவியலில் பட்டயம் பெற்று, கோவில்பட்டியில் மின்கருவிகளைப் பழுது பார்க்கும் கடையொன்றில் வேலை செய்து வருகிறான். அவனுடைய பாட்டனார் எங்கள் ஊரில் பெயர் பெற்ற வில்லிசைக் கலைஞர். அகவை எழுபதைக் கடந்தவர். கொடை விழாக்களில் அவர் நல்லதங்காள் கதையைப் பாடத் தொடங்கினால், கேட்போர் கண்ணீரை அடக்க மாட்டார்.

மாணவர்களே! நீங்கள் வில்லிசையைக் கேட்டிருப்பீர்கள். நீண்ட வில்லின் நாணை வீசுகோலால் தட்டிக் கதை சொல்வார் தலைமைப் புலவர். வில்லில் கட்டிய மணிகள் ஒலிக்கும். வில்லோடு பிணைத்த மட்குடம் 'தும் தும்' எனக் கனத்த ஓசை எழுப்பும். உடுக்கையும் தாளமும் உடன் செல்லும். பின்பாட்டுக்காரர் 'ஆமாம்' போட்டுக் கதையை வளர்ப்பர். இக்குழுவிலேதான் நம் இளைஞன் தன் மின்கித்தாரோடு சென்று அமர விரும்பினான்.

"வில்லுக்குக் கித்தாரா?" என்று ஊரில் நகைத்தவர் உண்டு. யான் நகைக்கவில்லை. கோவில்பட்டிக்கு அண்மையில் உள்ள எட்டயபுரத்தின் வரலாற்றை அறிந்தவர் நகைக்கவும் மாட்டார். முத்துசாமி தீட்சிதர் 1835 ஆம் ஆண்டில் மறைந்தது அவ்வூரில். அவருடைய தம்பியார் பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதனை நம் இசைக்கு இசைவித்தவர். அவரே பின்னர் எட்டயபுரம் அரசவையில் இசைப்புலவராக விளங்கினார். கடல் கடந்து வந்த அக்கருவி இல்லாத கருநாடக இசையரங்கை இன்று காண்பது அரிது. கருவி எந்நாட்டில் பிறந்தது என்பதை யான் பெரிதாக எண்ணுவதில்லை. அது வந்த இடத்தில் பிறர் குரலுக்கு வழி விடுகிறதா என்பதே என் கேள்வி.

அக்கேள்விக்கு முதல் நாள் இரவில் கிடைத்த விடை நன்றாக இல்லை. அம்மன் கோவில் கொடையில் பாட்டனார் பேரனை வில்லின் பின்னே அமரச் செய்தார். நல்லதங்காளின் ஏழு பிள்ளைகளும் பசியால் வாடித் தாயைச் சூழ்ந்து அழும் இடம் வந்தது. ஆண்டுதோறும் அவ்விடத்தில் பெண்கள் விம்முவதைக் கண்டிருக்கிறேன். அன்று பின்வரிசையில் இருந்தோர் ஒருவரையொருவர் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்று வினவிக்கொண்டிருந்தனர். குடத்தின் ஓசையும் கித்தாரின் தடித்த தந்தியோசையும் ஒன்றோடொன்று முட்டி மோதின. அவற்றின் நடுவே முதியவரின் மெலிந்த குரல் அமுங்கிப் போயிற்று. நிகழ்ச்சி முடிந்ததும் அவர் சினம் கொள்ளவில்லை. "கித்தார் நல்லாத்தான் இருக்குதப்பா. ஆனால் என் கதை போயிற்றே!" என்று மட்டும் சொன்னார். அடுத்த கொடைக்குக் கித்தார் வேண்டாம் என்று முடிவாயிற்று. பேரன் இரண்டு நாள் எவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை பழைய அலுமினிய உணவுப் பெட்டி ஒன்றையும், பற்றவைக்கும் கோலையும், ஈயக் கம்பிச் சுருளையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். அவன் வீட்டில் அப்பொழுது மின்சாரம் இல்லை. எங்கள் தெருவில் இருந்தது. அதுவே அவன் என்னை நாடி வந்த காரணம்.

கித்தாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே பெடல் என்னும் சிறு பெட்டியை வைப்பது இக்காலத்து வழக்கம். காலால் மிதித்து இயக்குவதால் அதற்கு அப்பெயர் வந்தது. மின்கித்தாரின் இரும்புத் தந்தி அதிரும்போது, அதன் அடியில் உள்ள காந்தச் சுருளில் சிறு மின்னலை எழுகிறது. அம்மின்னலை கம்பி வழியே பெட்டிக்குள் புகுந்து, உருமாறி, ஒலிபெருக்கியை அடையும். ஓசையைக் கரகரப்பாக்கும் பெட்டி உண்டு. எதிரொலி தரும் பெட்டி உண்டு. சில ஓசைகளை வடித்து நீக்கும் பெட்டியும் உண்டு. விலை கொடுத்து வாங்க இயலாதோரும், வாங்கியது மனத்துக்கு இசையாதோரும் தாமே செய்துகொள்வர். நம் இளைஞன் இருவகையிலும் சேர்ந்தவன்.

"ஐயா, குடத்தின் ஓசையும் கித்தாரின் அடித்தந்தி ஓசையும் ஒரே பாத்தியில் போட்ட இரண்டு பயிர். கித்தாரின் தடித்த தந்தி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. மெல்லிய தந்தி 330 முறை. அடியில் உள்ள ஓசையைக் குறைத்தால் குடத்துக்கு இடம் கிடைக்கும்" என்றான் அவன்.

"எதனைக் கொண்டு குறைப்பாய்?" என்றேன்.

அவன் மொச்சைக் கொட்டை அளவுள்ள ஒரு பொருளை என் உள்ளங்கையில் வைத்தான். அதற்கு மின்தேக்கி என்று பெயர். கண்மாய் நீரைத் தேக்குவது போல் மின்னூட்டத்தைத் தேக்குவதால் நம் பாடநூலார் அப்பெயர் இட்டனர். நல்ல பெயரே, எனினும் அது பொருளின் தொழிலில் பாதியைத்தான் சொல்கிறது. மறுபாதியை அறிய உடுக்கையை நினைத்துப் பாருங்கள். அதன் ஒரு பக்கத்துத் தோலைக் கையால் அழுத்திப் பிடித்தால் மறுபக்கத்தில் ஒன்றும் நிகழாது. விரைந்து தட்டினால் மறுபக்கத் தோலும் அதிரும். மின்தேக்கியும் அத்தகையதே. நிலையாக நிற்கும் மின்னழுத்தத்தை அது மறுபுறம் விடாது. மெல்ல அசையும் அலையை அரைகுறையாக விடும். விரைந்து அசையும் அலையைத் தடையின்றி விடும். எனவே மின்னலை செல்லும் வழியின் குறுக்கே ஒரு மின்தேக்கியை வைத்தால் கனத்த ஓசை தங்கும். மெல்லிய ஓசை கடந்து செல்லும். மின்தேக்கியின் அளவே சல்லடையின் கண்.

அக்கண்ணின் அளவைக் கணக்கிடவும் வழி உண்டு. மின்தடையின் அளவையும் மின்தேக்கியின் அளவையும் பெருக்கி, அதனை மீண்டும் பையின் இருமடங்கால் பெருக்கி, வந்த தொகையால் ஒன்றை வகுத்தால், எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஓசை குறையத் தொடங்கும் என்பது தெரியும். அவன் 1 லட்சம் ஓம் மின்தடையும் 0.0047 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் கொண்டான். விடை, நொடிக்கு ஏறத்தாழ 339 அதிர்வு. அவ்வெல்லைக்குக் கீழே ஓசை ஒரேயடியாக அற்றுப் போவதில்லை. சரிவில் இறங்குவது போல் படிப்படியாகக் குறையும். 82 அதிர்வுள்ள தடித்த தந்தியின் அடியோசை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். மின்கம்பியிலிருந்து புகுந்து 'உம்' என்று இரையும் 50 அதிர்வுள்ள ஓசையோ ஏழில் ஒரு பங்காகும். அவ்விரைச்சல் புகாதிருக்கவே உலோகப் பெட்டியைத் தேர்ந்து, அதனை மின்சுற்றின் தரைமுனையோடு இணைத்திருந்தான்.

ஆனால் எப்பொழுதும் ஓசையை மெலிவித்தால் கித்தாருக்கு உயிர் ஏது? கதை நின்று இசை மட்டும் செல்லும் இடங்களும் வில்லிசையில் உண்டு. அங்கே முழு ஓசை வேண்டும். எனவே சல்லடையை மாற்றிக்கொள்ள ஒரு கருவி தேவையாயிற்று. அதுவே டாகிள் சுவிட்சு என்னும் சிறு நெம்புபிடிச் சுவிட்சு. மேலே ஒரு பிடி. அடியில் வரிசையாக மூன்று முனைகள். நடுமுனை பொதுவானது. பிடியை ஒரு பக்கம் சாய்த்தால் நடுமுனை ஓர் ஓர முனையோடு சேரும். மறுபக்கம் சாய்த்தால் மற்றதோடு சேரும். பிடியை நடுவில் நிறுத்தினால் எதனோடும் சேராத வகையும் உண்டு. கடையில் கேட்டு வாங்கும்போது இவ்வேறுபாட்டைச் சொல்லாவிட்டால், இரண்டு நிலை மட்டும் உள்ள சுவிட்சைத் தந்துவிடுவர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்.

இவ்விடத்தில் அவன் வியப்பான ஒன்றைக் காட்டினான். பிடியை மேலே தள்ளினால் மேல்முனை இணையும் என்றுதானே நினைப்போம்? அவ்வாறன்று. பிடி ஏற்றம் இறைக்கும் துலா போன்றது. மேல்நுனி ஒரு பக்கம் சாய, உள்நுனி எதிர்ப்பக்கம் செல்கிறது. ஆதலால் பிடி மேலே போனால் கீழ்முனை இணையும். இதனை மறந்து முதலில் பற்றவைத்தவன், இருமுனைகளையும் கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று. ஈயம் உருகும் மணம் அன்று எங்கள் திண்ணையெல்லாம் பரவியது. அதன் புகையை முகர்தல் கேடு என்று சொல்லி, காற்று வரும் பக்கம் அவனை அமர்த்தினேன்.

0.0047 மின்தேக்கி வழியில் எப்பொழுதும் நிற்கும். சுவிட்சு ஒரு பக்கம் சாய்ந்தால் 0.1 அளவுள்ள மின்தேக்கி அதனோடு பக்கவாட்டில் சேரும். அப்பொழுது எல்லை 15 அதிர்வுக்கு இறங்கி, கித்தாரின் முழு ஓசையும் கடந்து செல்லும். மறுபக்கம் சாய்ந்தால் இன்னொரு 0.0047 சேரும், எல்லை 169 ஆகும். பக்கவாட்டில் சேரும் மின்தேக்கிகளின் அளவுகள் கூட்டுத்தொகையாகும் என்பதை நினைவிற் கொள்க. நடுவில் நின்றால் ஒன்றும் சேராது. ஆகவே நடுநிலையே மிக மெல்லிய ஓசை தரும்.

"முழுமை, மெலிவு, இடைப்பட்டது என்று வரிசை மாறி வருகிறதே ஐயா! மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கினால் அன்றோ அழகு? இதற்கு என்ன பெயர் எழுதுவது?" என்று அவன் வருந்தினான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "தம்பி, மெய்யெழுத்தின் இனங்களை வரிசையாகச் சொல்" என்றேன்.

"வல்லினம், மெல்லினம், இடையினம்" என்றான். சொன்ன வாய் மூடாமல் நின்றான்.

மூன்று இனங்களையும் நாம் ஓதும் வரிசையில் மெல்லினமே நடுவில் நிற்கிறது. இடையினம் என்னும் பெயர் கொண்டது கடையில் நிற்கிறது. நெடுங்கணக்கில் எழுத்துகள் நிற்கும் முறையால் இவ்வரிசை அமைந்தது. சுவிட்சின் வரிசையோ அதன் உள்ளமைப்பால் வந்தது. இரண்டுக்கும் உறவில்லை. எனினும் பொருத்தம் கண்டு மகிழ்வதில் தவறென்ன? அன்றே பெட்டியின் மேல் வெள்ளை வண்ணத்தில் வ, மெ, இ என்று மூன்றெழுத்துகளை எழுதினான்.

பெட்டி ஆயிற்று. வேலை முடிந்ததா? இல்லை.

ஒரு மாலை களத்துமேட்டில் சோதனை செய்தோம். பாட்டனாரைக் கெஞ்சி அழைத்து வந்து வில்லின் முன் அமர்த்தினோம். ஏறத்தாழ அறுபது தப்படி தொலைவில் வேப்பமரத்தடியில் தாளும் எழுதுகோலும் கொண்டு யான் அமர்ந்தேன். காதில் விழும் சொற்களை விழுந்தவாறே எழுதுவது என் பணி. பேரன் சுவிட்சை நடுவில் வைத்து வாசித்தான். குடத்தின் ஓசை தெளிந்துவிட்டது. முட்டலும் மோதலும் இல்லை. ஆயினும் என் தாளில் இருந்தவை பாதியும் சொற்களாக இல்லை. 'ஆல் கேட்டு அழுதான்' என்று எழுதியிருந்தேன். கால், சால், பால், வால் எதுவாகவும் இருக்கலாம். பசியால் அழும் பிள்ளை பால்தான் கேட்கும் என்று கதை தெரிந்தவன் ஊகிக்கலாம். அன்று முதன்முதல் கதை கேட்க வந்த சிறுவன் எவ்வாறு ஊகிப்பான்?

அத்தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இலக்கணம் கற்பித்தவனுக்கு அதில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. ஆ, ஐ, ஓ முதலிய உயிர்கள் எல்லாம் என் காதில் விழுந்திருந்தன. தொலைந்தவை க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய்கள். "தம்பி, உயிர் வந்து சேர்ந்துவிட்டது, மெய்தான் வரவில்லை" என்றேன்.

அவன் துள்ளி எழுந்தான். உயிரொலிகளின் வலிமை தாழ்ந்த அதிர்வுகளிலேதான் பெரிதும் இருக்கிறதாம். வல்லின மெய்களை அடையாளம் காட்டும் ஒலியோ வலிமை குறைந்தது. நொடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் அதிர்வுகளும் அவற்றுக்கு மேலும் கொண்டது. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 வரையுள்ள அதிர்வுகளை மட்டுமே கடத்தியது. ஆணின் குரலில் அடியோசை அதற்குக் கீழே இருந்தும், பேச்சு விளங்கிற்று. பொருள் உணர்த்தும் ஒலிகள் பெரும்பாலும் அவ்வெல்லைக்குள் இருப்பதே காரணம். கித்தாரின் கணீரென்ற மேலோசையும் அதே இடத்தில் உலவுகிறது. முதல் சுவிட்சு குடத்துக்கு வழிவிட்டது. முதியவரின் சொல்லுக்கு வழிவிடவில்லை.

இங்கே தொல்காப்பியரின் பிறப்பியலை நினைவூட்டாமல் செல்ல இயலாது. உந்தியில் தோன்றும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பொருந்தி வெவ்வேறு எழுத்தாகிறது என்பது அவர் கொள்கை. எண்ணிப் பார்த்தால் நம் வாயே ஒரு வடிகட்டி. மிடற்றில் எழும் ஒரே ஓசையை, வாயை அங்காந்தால் 'அ' ஆக்குகிறோம். இதழைக் குவித்தால் 'உ' ஆக்குகிறோம். நீங்களும் ஒரே சுருதியில் 'அ, இ, உ' என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள். மிடறு மாறவில்லை, சல்லடை மாறுகிறது.

இதனை யான் சொல்லக் கேட்டு, இளைஞன் வேற்றுநாட்டுச் செய்தி ஒன்றைச் சொன்னான். 1966 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் என்னும் பொறியாளர் பணியாற்றினார். கித்தார் ஒலிபெருக்கி ஒன்றில் ஓசையின் நிறத்தை மாற்றும் மூன்றுநிலைச் சுவிட்சு இருந்தது. அது விலை மிகுந்தது. அதற்கு ஈடாக, திருகினால் சிறிது சிறிதாக மாறும் மலிவான மின்தடையை அவர் அமைத்துப் பார்த்தார். திருகத் திருக, கித்தார் 'வா, வா' என்று குழந்தை போல் வாய் திறந்து அழைத்தது. பின்னர் அவ்வமைப்பை மிதிகட்டையில் பொருத்தினர். அக்கருவி இன்றளவும் 'வா' என்னும் அவ்வோசையாலேயே பெயர் பெற்று விளங்குகிறது. சுவிட்சைத் துறந்தவருக்கு வாய் கிடைத்தது. நம் இளைஞனோ சுவிட்சை விடவில்லை. "தொடர்ந்து மாறும் திருகு இருட்டில் எங்கே நிற்கிறது என்று தெரியாது, ஐயா. சுவிட்சு என்றால் விரலுக்கே தெரிந்துவிடும்" என்றான். இரவு விழாவில் வாசிப்பவனின் அறிவு அது.

அறிவியலும் தமிழும் இரு கரைகள் என்று எண்ணுவோர்க்கு யான் வழக்கமாகச் சொல்லும் சான்றுகள் இரண்டு. தென்பாண்டி நாட்டில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், சுருதிகளைக் கணக்கிட்டு ஆராய்ந்த 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை 1917 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஈழத்து விபுலாநந்த அடிகள் அறிவியல் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்றவர். மறைந்துபோன யாழின் நரம்புகளைக் கணித முறையால் ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இவர்களை அவனுக்குச் சொன்னபோது, அவன் பெயர்களைத் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். படித்தானா என்று யான் கேட்கவில்லை.

இரண்டாவது சுவிட்சு மேலோசையைக் குறைப்பதற்கு. இங்கே மின்தேக்கியை வழியின் குறுக்கே வையாமல், வழியிலிருந்து தரைமுனைக்கு இறக்கினான். விரைந்து அசையும் அலை அதன் வழியே தரைக்கு ஓடிவிடும். மெல்ல அசைவது நேரே செல்லும். கண்மாயில் மிகுநீர் கலிங்கு வழியே ஓடிப்போவது போன்றது இது. 10 ஆயிரம் ஓம் மின்தடையோடு 0.01 மைக்ரோஃபாரட் சேர்த்தால் ஏறத்தாழ 1,590 அதிர்வுக்கு மேற்பட்டவை குறையத் தொடங்கும், 0.022 சேர்த்தால் ஏறத்தாழ 720. பிடி நடுவில் நின்றால் கலிங்கு அடைபட்டுவிடும்; ஒன்றும் குறையாது. முதல் சுவிட்சில் நடுநிலை மிக மெல்லியது. இரண்டாவதில் நடுநிலை முழுமையானது. ஒரே வகைச் சுவிட்சு, வைத்த இடத்தால் பயன் மாறுபட்டது.

அதன் பின்னும் ஒரு தொல்லை. இரண்டாவது சுவிட்சைச் சாய்க்கும்போதெல்லாம் ஒலிபெருக்கி 'டப்' என்று வெடித்தது. முதன்முறை கேட்டபோது பாட்டனார் வீசுகோலை நழுவவிட்டார். காரணத்தை ஆராய்ந்தோம், 'ஆராய்ந்தோம்' என்று பன்மையில் சொன்னாலும், யான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் இருப்பது 9 வோல்ட் மின்கலம். மின்னலை அதில் பாதியாகிய 4.5 வோல்ட்டின் மேல் நின்று அசைகிறது. சுவிட்சு திறந்திருக்கும்போது மின்தேக்கியின் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். சுவிட்சு மூடியவுடன் அக்கால் திடீரெனத் தரையைத் தொட, 4.5 வோல்ட்டுக்கும் ஒரு நொடிப்பொழுதில் ஊட்டம் ஏறுகிறது. அந்த ஏற்றமே வெடியோசை. அந்தரத்தில் நிற்கும் காலிலிருந்து தரைமுனைக்கு 10 லட்சம் ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்தான். அதன் வழியே மின்தேக்கி எப்பொழுதும் ஊட்டம் நிறைந்தே இருக்கும். சுவிட்சு மூடும்போது புதிதாக ஏற வேண்டுவது ஒன்றுமில்லை. அத்தடை மிகப் பெரிதாதலால் ஓசையும் அவ்வழியே கசிவதில்லை. வெடி நின்றது. மிகச் சிறு செலவில் தீர்ந்த குறை அது. காரணம் தெரிவதற்கோ நான்கு நாள் சென்றது.

நாகசுரக் கலைஞரின் கருவியில் சீவாளிகள் சில கொத்தாகத் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். கோவில்பட்டியில் வாழ்ந்து 1964 ஆம் ஆண்டில் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் படங்களிலும் அவற்றைக் காணலாம். ஒன்று ஒத்துவராவிடில் மற்றொன்றை மாற்றிக்கொள்வர். ஓசையை இடத்துக்கேற்பத் தெரிந்தெடுக்கும் வழக்கம் நம் கலைஞர்க்குப் புதிதன்று என்பதற்காக இதனைச் சொன்னேன்.

மறுபடியும் களத்துமேட்டில் கூடினோம். முதல் சுவிட்சு நடுவில், இரண்டாவது கீழே. அதே வேப்பமரம், அதே தொலைவு. இம்முறை என் தாளில் 'பால் கேட்டு அழுதான்' என்று இருந்தது. அடுத்து வந்த வரிகளும் இருந்தன. எழுத்து ஓரிடத்தில் கலங்கியிருந்தது. அதற்குக் கித்தார் காரணமன்று. பேரன் தாளை வாங்கிப் பாட்டனாரிடம் கொடுத்தான். அவர் அதனைப் படிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "சரி, வரட்டும்" என்றார்.

பங்குனிக் கொடையில் கித்தார் மீண்டும் ஒலித்தது. வில்லிசைக் குழுவினர் மேடையில் சம்மணமிட்டு அமர்பவர். ஆகவே மிதிபெட்டி என்று பெயர் கொண்ட அப்பெட்டி ஒருநாளும் மிதிபட்டதில்லை. இளைஞனின் முழங்காலுக்கு அருகில், வலக்கை எட்டும் இடத்தில் கிடக்கிறது. எப்பொழுது எந்த நிலை என்று முடிவு செய்பவர் பாட்டனார். வீசுகோலால் வில்லின் ஓரத்தை அவர் ஒருமுறை தட்டினால் கதை தொடங்குகிறது என்று பொருள். பேரன் இரண்டு பிடிகளையும் உரிய பக்கம் சாய்த்துவிடுவான். இருமுறை தட்டினால் கித்தார் முழுக்குரலில் பேசலாம். கூட்டத்தில் எவருக்கும் இக்குறிப்பு தெரியாது. தாளத்தின் ஒரு பகுதி என்றே எண்ணுகின்றனர். இப்பொழுது உடுக்கைக்கு ஒலிவாங்கி வைத்திருப்பதால், அதற்கும் இரண்டு சுவிட்சு வைத்த பெட்டியொன்று வேண்டும் என்று கிழவர் பேரனிடம் சொல்லியிருக்கிறார். அலுமினியப் பெட்டி ஒன்று தேடிக்கொண்டிருக்கிறான்.